மனையியற் கல்வி

(நரிக்குடியில் நம் சங்கத்தார் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உதவி கோரி இவ்வருஷம் வந்த விண்ணப்பங்களுள், மனையியற் பட்டவகுப்பிற் சேர விரும்பும் பெண்மக்களின் விண்ணப்பங்களும் இருந்தன. அவற்றைப் பரிசீலித்த கமிட்டியாருள் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. “தாயாரிடம் அடுப்படியிற் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்பதற்குக் காலேஜும் ஹாஸ்டலும் சங்கப் பணமும் எதற்கு?” என்பது ஒரு கட்சி. “பெண் எவ்வளவு படித்தாலும் கடைசியில் வீட்டைத்தானே பார்க்கப் போகிறாள், ஆகையால் அவளுக்குத் தகுந்த படிப்பு இதுவே” என்பது மறு கட்சி. முடிவு செய்யாமல் விஷயத்தை உங்கள் முன் வைத்துப் பேசும்படி காரியதரிசியவர்கள் நம்மைப் பணித்தார்கள். இரு கட்சியையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கின்றோம். ஒப்பாமைக்குக் காரணம் சொல்லுவதே இன்றைய பேச்சு.

முதற் கட்சியார் மனையியல் என்றால் சமையல் என்று எண்ணியிருக்கின்றனர். இரண்டாங் கட்சியார் வீடு என்றால் பெண் என்று எண்ணியிருக்கின்றனர். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. திருக்குறளின் அறத்துப்பாலில் இல்லறவியலுக்கு 20 அதிகாரங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அப்பகுதி தொடங்குவது இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தில். அவ்வதிகாரம் முதன்முதல் நோக்கிப் பேசுவது இல்லத்தலைவனாகிய ஆண்மகனை. மனைவியைப் பற்றிய அதிகாரம் அதற்கு அடுத்தே வருகின்றது. மக்கட்பேறு, விருந்து, இன்சொல், நடுவுநிலைமை, ஒப்புரவு, ஈகை எல்லாம் இல்லறவியலுக்குள் அடங்கியவை. இவ்வளவையும் அடுப்படிக்குள் அடைத்துவிட முடியுமா என்பதைப் பெரியோர்களே சிந்திக்க வேண்டும்.

நிற்க, காலேஜிற் சொல்லித்தரும் மனையியல் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். அதன் பிறப்பிடங்களுள் ஒன்று தண்ணீர்ச் சோதனைச்சாலை என்றால் பலர் வியப்பார்கள். அமெரிக்காவில் 1842-ஆம் ஆண்டிற் பிறந்த எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்னும் அம்மையார், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதற் பெண்மணி. ரசாயனம் கற்று 1873-ல் பட்டம் பெற்றார். 1887-ல் தொடங்கி அம்மாகாணத்துக் குடிநீரையெல்லாம் ஊர்தோறும் எடுத்து வந்து சோதிக்கும் பெரும்பணியில் அவருக்கு முக்கிய பங்கு இருந்தது. சாக்கடை கலந்த நீர் எது, கலவாத நீர் எது என்று கணக்கெடுத்துக் காட்டிய அவ்வம்மையார், வீட்டிற்குள் நுழையும் நீர், காற்று, உணவு ஆகியவற்றைச் சோதனைச்சாலையின் கண்கொண்டு பார்க்கலானார். 1890-ல் பாஸ்டன் நகரில் ஏழைத் தொழிலாளிகளுக்கு மலிவும் சத்தும் உள்ள உணவை அளந்து சமைத்து விற்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்று ஏற்பட்டதில் முன்னின்றார். 1899-ல் லேக் பிளாஸிட் என்னும் ஊரில் இக்கல்வி பற்றிய முதல் மகாநாடு கூடியது. அம்மகாநாடுகளின் பயனாக 1908-ல் ஏற்பட்ட மனையியற் சங்கத்திற்கு அவரே முதல் தலைவி.

நம் ஊருணித் தண்ணீரை நினைத்துக்கொண்டே இக்கதையைச் சொல்லுகின்றோம். கண்மாய் வற்றினால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் ஆழ்துளைக் குழாயில் உப்புநீர் ஏறும். லாரித் தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவென்று கொடுத்து வாங்க வேண்டியதாகும். இக்கரிசற் சீமையில் வீட்டுக்காரியம் என்பது தண்ணீர்க் காரியத்தில் தொடங்குகின்றது. அதைச் சோதித்தறியக் கற்ற பெண்ணொருத்தி ஊருக்கொருத்தி இருந்தால் வயிற்றுப்போக்கினால் வரும் வைத்தியச் செலவில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வருஷந்தோறும் அச்செலவைச் செய்யும் தாய்மார்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தியாவில் இக்கல்வி பரவிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1927-ல் தோன்றிய அகில இந்திய மாதர் மகாநாட்டாரின் முயற்சியால் 1932-ல் டில்லியில் லேடி இர்வின் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னையில், 1914-ல் தோன்றிய ராணி மேரிக் கல்லூரியிலும் 1915-ல் தோன்றிய கிறிஸ்துவ மகளிர் கல்லூரியிலும் 1940-களில் மனையியல் பாடமாயிற்று. பரோடா சர்வகலாசாலையில் ஹம்ஸா மேத்தா அம்மையார் காலத்தில் 1950-ல் இதற்கெனத் தனிப் பிரிவே ஏற்பட்டது.

நம் தமிழ்நாட்டிற்கு முக்கியமானது கோயம்புத்தூர் விஷயம். சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அவர்கள் 1957-ல் அங்கே மகளிர் மனையியற் கல்லூரியை ஏற்படுத்தினார். அதனை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார். 1919-ல் பிறந்து, ராணி மேரிக் கல்லூரியில் மனையியல் பயின்று, அமெரிக்காவில் ஓஹையோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். மேல்நாட்டு அடுப்பையும் மேல்நாட்டுக் கேக்கையும் இங்கே கொண்டுவந்து காட்டுவதோடு அவர் நின்றிருந்தால் நாம் இன்று அவர் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் என்ன இருக்கவேண்டும், பாலர்க்குக் கம்பும் கேழ்வரகும் பயறும் எப்படிக் கலந்து கொடுத்தால் எடை ஏறும் என்னும் வகையான கேள்விகளைக் கிராமங்களுக்கு இறக்கிக் கொண்டுவந்தார் என்பதே அவர் பெருமை. அக்கல்லூரி 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அம்மையார் அதன் துணைவேந்தராயும் விளங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ‘வீட்டுப் படிப்பு’ படித்த ஒரு பெண் சர்வகலாசாலையை நடத்தினார் என்பதை முதற் கட்சியார் குறித்துக்கொள்ள வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயும் வசதி இல்லாமலில்லை. மதுரையில் பாத்திமா கல்லூரி உண்டு. 1962-ல் ஏற்பட்ட விருதுநகர் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியில் மனையியல் துறை உண்டு. காந்திகிராமத்திலும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 1980-ல் மதுரையில் தொடங்கிய மனையியற் கல்லூரி இப்போது சமுதாய அறிவியற் கல்லூரி என்னும் பெயருடன் நடந்துவருகின்றது. இப்பெயர் மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மனை’ என்ற சொல் இருந்தவரையில், பெண்ணைக் கலியாணச் சந்தைக்குத் தயார் செய்யும் படிப்பென்று பெற்றோரும், அதனாலேயே நமக்கு வேண்டாமென்று கெட்டிக்காரப் பெண்களும் நினைத்தனர். பெண்கள் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மெச்சுவதற்காக மட்டும் இப்படிப்பில் மகளைச் சேர்க்க விரும்பும் தகப்பனார் யாரேனும் இங்கே இருந்தால், சங்கப் பணத்தை அதற்குக் கேட்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

இனிப் படிப்பின் உள்ளே புகுவோம். உணவும் ஊட்டச்சத்தும், மனித வளர்ச்சி, துணியும் உடையும், குடும்ப வள நிர்வாகம், விரிவாக்கம் என ஐந்து கிளைகளாக இது போதிக்கப்பட்டு வருகின்றது. துணியைப் பற்றி அருப்புக்கோட்டை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை, அதை விட்டுவிடுகின்றோம். விரிவாக்கம் என்பது கற்றதை ஊராருக்குக் கொண்டுசென்று சேர்க்கும் வித்தை. மற்ற மூன்றும் நம்மை நேரே தொடுகின்றன.

முதலில் உணவு. மத்திய சர்க்கார் 2019 முதல் 2021 வரை நடத்திய ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு அந்நோய். இப்பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் ஒருவர் விட்டு ஒருவரென்று எண்ணிப்பாருங்கள். இது பஞ்சகாலத்துக் கணக்கன்று. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைத்த காலத்துக் கணக்கு.

அரிசியை நாம் குறை கூறவில்லை. 1876-ல் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட இச்சீமையார் விலையில்லா அரிசியின் அருமையை அறிவார்கள். ஆயினும் அரிசி வந்த வழியில் கம்பும் குதிரைவாலியும் வெளியேறிப் போயின. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நம் காட்டில் விளையும் குதிரைவாலியை மூட்டைக் கணக்கில் வியாபாரிக்குப் போட்டுவிட்டு, அது பட்டணத்தில் அழகிய பையில் ஏறி ‘சிறுதானியம்’ என்ற பட்டத்துடன் விற்கப்படுவதைப் பார்த்து நாம் வியந்துகொண்டிருக்கின்றோம்.

“இதெல்லாம் எங்கள் அப்பத்தாளுக்குத் தெரியுமே, காலேஜ் எதற்கு?” என்று கேட்கலாம். அப்பத்தாளுக்குத் தெரிந்தது பெரிது. ஆனால் எல்லாம் தெரியாது. முருங்கைக்கீரையை வதக்கி வைத்தால் இரத்தம் ஊறும் என்று அவர் அறிவார். அச்சோற்றை உண்டு கையைக் கழுவியவுடன் குடிக்கும் தேயிலைத் தண்ணீர், கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் பெரும்பகுதி தடுத்துவிடுகிறதென்பதையும், அதே கீரையோடு எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய் கடித்தாலோ உடல் அதை மிகுதியாக ஏற்கிறதென்பதையும் அவர் அறிய வழியில்லை. கரிமூட்டத்திலும் மிளகாய்க் காட்டிலும் வேலை செய்யும் பெண்கள் காலை 6 மணிக்கு ஒரு டீ, 10 மணிக்கு ஒரு டீ, சோற்றுக்குப் பின் ஒரு டீ என்று குடித்துக் களைப்பை ஆற்றுகின்றனர். களைப்புக்குக் காரணமான இரத்தக்குறைவை அந்த டீயே வளர்க்கின்றது. சோற்றுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள் என்று சொல்லுவதற்குச் செலவு ஒரு காசும் இல்லை; சொல்லுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கேட்கிறவருக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை நம் பெண்கள் வாங்கி வேலியிற் போட்டுவிடுவதும் சொல்லுவாரில்லாத குறையே. வயிற்றைப் புரட்டுகிறதென்று ஒருத்தி சொன்னால் வகுப்பு முழுதும் நம்பிவிடுகின்றது. வெறும் வயிற்றில் விழுங்காமல் சோற்றுக்குப் பின் விழுங்கினால் அத்தொந்தரவு குறையும்.

வீட்டில் யார் கடைசியில் உண்பது என்பதும் இப்பாடத்தில் ஒரு கேள்வியே. ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, மிச்சத்தை வழித்து உண்ணுகிறவள் கர்ப்பிணியாயிருந்தாலும் அதுவே முறை என்றிருக்கும் வீட்டில் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் என்ன பயன்? இதை எழுதி வைத்த சாஸ்திரம் ஏதும் இல்லை. ஒருவேளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் தீர்ந்தது.

அடுத்தது பணம். குடும்ப வள நிர்வாகம் என்று இதற்குப் பெயர். சம்பளக்காரன் வீட்டுக்கு முதல் தேதி பணம் வரும். நம் வீடுகளில் அப்படியன்று. மாசி பங்குனியில் முண்டு மிளகாய் எடுத்தால் மொத்தமாக ஒரு தொகை. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. சீமைக்கருவேல் வெட்டிக் கரிபோட்டால் மூட்டம் பிரியும்போது கொஞ்சம். வீரசோழன் சந்தையில் ஆடு விற்றால் கொஞ்சம். தேசிய வேலைத்திட்டக் கூலி எப்போது கணக்கில் ஏறுகிறதோ அப்போது கொஞ்சம். செலவோ நாள்தோறும். இப்படி வரவு குதித்துக் குதித்து வரும் வீட்டுக்கு, மாதச் சம்பளக்காரருக்கு எழுதிய வரவுசெலவுத் திட்டம் பொருந்தாது. மொத்தத் தொகை வந்த அன்றே, வராத மாதங்களுக்கெனப் பிரித்து வைக்கும் கணக்கே நமக்கு வேண்டும்.

ஆனால் நம் குடும்பங்களைச் சாய்ப்பது அரிசி பருப்புச் செலவன்று என்பது உங்களுக்குத் தெரியும். காதுகுத்து, சடங்கு, கலியாணம், வளைகாப்பு, கருமாதி என்று வரும் செய்முறைச் செலவே சாய்க்கின்றது. தாய்மாமன் சீர் குறைந்தால் சபையில் தலைகுனிவு என்று அஞ்சி ஒருவர் 2 லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 ரூபாய் வட்டி, வருஷத்துக்கு 72,000. அசலில் ஒரு காசும் குறையாமலே 34 மாதத்தில் வட்டி மட்டும் 2 லட்சத்தைத் தாண்டிவிடும். அதிக வட்டியைத் தடுக்க 2003-ல் நம் ராஜ்யத்தில் சட்டம் செய்யப்பட்டிருக்கின்றது; ஆயினும் விழாவுக்கு முன்னாள் இரவில் பணம் தேடுகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. மொய்யில் வந்துவிடும் என்கிறார்கள். மொய் என்பது நோட்டில் எழுதப்பட்ட கடனே. வாங்கியவன் கூட்டிப் போட வேண்டும். பந்தல் பிரிக்குமுன் கணக்குப் பார்த்தவர்கள் கைதூக்கும்படி கேட்டால் எத்தனை கைகள் எழும்புமென்று நாம் கேட்கப்போவதில்லை. மதுக்கடைச் செலவையும் கணக்கில் எழுதச் சொன்னால் சில வீடுகளில் நோட்டே கிழிக்கப்படும். ஆகையால் அதனைக் குறிப்பிட்ட மட்டில் விட்டுச் செல்லுகின்றோம்.

பணக் கணக்கோடு நேரக் கணக்கும் உண்டு. 2019-ல் மத்திய சர்க்கார் நேரப் பயன்பாடு பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிஷம். அவ்வேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். அவ்வேலையில் கைவைத்த பெண்கள் நூற்றுக்கு 81. ஆண்கள் நூற்றுக்கு 26 மட்டுமே. ஐந்து மணிநேர வேலைக்கு விலையென்ன என்று எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதியதில்லை. எனினும் 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிய தீர்ப்பொன்று இங்கே சொல்லத்தக்கது. கணவன் வெளியே சென்று பொருள் ஈட்ட, மனைவி வீட்டையும் மக்களையும் காத்தாளாயின், அவள் உழைப்பும் சொத்துச் சேர்த்ததிற் பங்கு பெற்றதே என்றும், அவ்வாறு சேர்ந்த சொத்தில் அவளுக்குச் சமபாகம் உண்டென்றும் நீதிபதி கூறினார். வெளிநாட்டில் வேலைசெய்து பணம் அனுப்பிய கணவருக்கும் இங்கே இருந்த மனைவிக்கும் நடந்த வழக்கு அது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை அனுப்பும் நம் ஊர்களுக்கு இத்தீர்ப்பு அந்நியமன்று.

மூன்றாவது விஷயத்திற்கு வருகின்றோம். மனித வளர்ச்சி என்றும் குடும்ப வாழ்க்கைக் கல்வி என்றும் சொல்லப்படும் பகுதி இது. இதைப் பற்றிச் சபையிற் பேசத் தயங்குவோர் பலர். தயங்கியே பல தலைமுறை கழித்துவிட்டோம்.

நம் குலத்தில் அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகள், அத்தை மகளைக் கட்டுவதும் உரிமையென்று கொண்டாடப்பட்டு வந்திருக்கின்றன. உறவு விட்டுப் போகாது, நிலம் வெளியே போகாது, பெண் பழகிய வீட்டில் இருப்பாள் என்று சொல்லும் காரணங்களில் பொருள் இல்லாமலில்லை. முன்பின் தெரியாத வீட்டிற் சென்று அல்லற்படும் பெண்ணைவிட, மாமியாராக வரும் அத்தையின் வீட்டில் வாழும் பெண்ணுக்குச் சில பாதுகாப்புக்கள் உண்டென்பதையும் மறுக்கமாட்டோம். ஆனால் உடற்கூற்று நூல் சொல்லுவதையும் கேட்க வேண்டும். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கு பொது. மாமன் மக்கள் அத்தை மக்களுக்குள் எட்டில் ஒரு பங்கு பொது. ஒரு குடும்பத்தில் மறைந்து கிடக்கும் குறை, தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒருங்கே வந்து சேர்ந்தாலன்றிச் சில நோய்கள் பிள்ளையிடம் வெளிப்படா. நெருங்கிய இரத்தத்தில் மணம் செய்யும்போது அவ்விரண்டும் சேரும் வாய்ப்பு மிகுகின்றது. பிறவிச் செவிடு, சிலவகை இரத்த நோய்கள், மூளை வளர்ச்சிக் குறைகள் இவ்வகையில் வருவன. உறவில் மணந்தோர்க்கெல்லாம் இப்படி ஆகுமென்று சொல்லவில்லை. பெரும்பாலோர்க்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன. ஆனால் இரண்டு மூன்று தலைமுறையாகத் தொடர்ந்து அதே வீட்டுக்குள்ளேயே கொடுத்து வாங்கியிருந்தாலும், குடும்பத்தில் அப்படியொரு பிள்ளை முன்பே பிறந்திருந்தாலும், நிச்சயதாம்பூலத்துக்கு முன் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியரிடம் யோசனை கேட்பதில் என்ன மானக்கேடு? ஜாதகம் பார்க்கப் போகிறவர்களுக்கு இதுவும் ஒரு பார்வைதான். “சாமி குத்தம்” என்று ஒரு தாயார் மேல் பழிபோட்டு ஆயுள் முழுதும் அவளை அழவைக்கும் வழக்கம் அவ்வறிவு வந்தால் ஒழியும். இதைச் சொல்லுவதனால் சிலருக்கு மனவருத்தம் உண்டாகலாம்; சொல்லாமல் விடுவது அதைவிட வருத்தம்.

பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் மணம் செய்தல் சட்டப்படி குற்றம். 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்று வைத்ததற்கே நாடெங்கும் கூச்சல் எழுந்தது. 18 ஆகிப் பல வருஷங்கள் சென்றபின்பும், முற்கூறிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலே, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 13 பேர் ஏறத்தாழ 18-க்கு முன்பே மணமானவர்களாகக் காணப்பட்டனர். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கையோடு பத்திரிகை அடிக்கும் பெற்றோர் நம்மிலும் உண்டு. எலும்பு முற்றாத வயதில் பிள்ளை பெற்றால் தாய்க்கும் சேய்க்கும் வரும் கேடுகளை ஆஸ்பத்திரி நர்ஸுமார்கள் இங்கே பலமுறை சொல்லியிருக்கின்றார்கள். பருவம் எய்திய பெண்ணுக்கு நடத்தும் சடங்குக்கு ஆயிரம் பேரைக் கூப்பிடுகின்றோம். அவள் உடம்பில் நிகழ்ந்தது என்னவென்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. பந்தல், மைக்செட், பிளக்ஸ் படம் எல்லாம் உண்டு. மூன்று நாள் துணியை வெயிலில் உலர்த்த வேண்டும் என்னும் வார்த்தை ஒன்றுதான் இல்லை. இதை ஆண்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்பது நம் துணிபு. அக்காளையும் தங்கையையும் கேலி செய்யாமல் வளரும் பையன் பின்னாளில் மனைவியை அடிக்கமாட்டான் என்று உறுதி சொல்ல முடியாது. ஆயினும் அப்படி வளர்ந்தவனிடம் நம்பிக்கை வைக்கலாம்.

இந்த இடத்தில் வேலை விஷயத்தைக் கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்லுவோம். மனையியலில் இளநிலைப் பட்டம் வாங்கிய மறுநாளே பெருஞ் சம்பளம் வராது. ஆஸ்பத்திரியில் உணவாலோசகராக வேண்டுமாயின் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வட்டார அதிகாரிகளாகவும், வேளாண் அறிவியல் நிலையங்களில் மனையியல் நிபுணராகவும், பள்ளி கல்லூரி ஆசிரியைகளாகவும், உணவுப்பொருள் தயாரிக்கும் கம்பெனிகளிலும் இப்படிப்பாளர் வேலை செய்கின்றனர். குதிரைவாலியைத் தீட்டி, மாவாக்கி, பாக்கெட்டாக்கி மகளிர் குழுவின் பேரில் விற்கத் தெரிந்தவள் வேலைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலே கோவிலாங்குளத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது, யோசனை கேட்கலாம். இஞ்சினீரிங் படிப்போடு இதை ஒப்பிட்டு இதுதான் மேல் என்று நாம் வாதிக்க வரவில்லை. ரசாயனத்திலோ சட்டத்திலோ ஆசையுள்ள பெண்ணை மனையியலுக்குத் தள்ளுவது அக்கிரமம். இதில் ஆசையுள்ள பெண்ணுக்கு, இது சமையல்தானே என்று உதவியை மறுப்பதும் அதற்குச் சமானம்.

ஆசையுள்ள பெண்ணுக்குத் தடை பெரும்பாலும் பணம் மட்டுமன்று, வழியுந்தான். மானாமதுரையிலிருந்து நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாக விருதுநகருக்கு ரயில் பாதை இருக்கின்றது. ஆனால் ஸ்டேஷனுக்கு எட்டாத உட்கிடைக் கிராமங்களே நமக்கு அதிகம். மாலை பஸ் ஒன்று தவறினால் பெண் இருட்டில் நடந்து வரவேண்டும். அதற்கு அஞ்சியே பல தகப்பன்மார் படிப்பை நிறுத்துகின்றனர். அரசுப் பள்ளியிற் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டத்தை ராஜ்ய சர்க்கார் 2022 செப்டம்பரில் தொடங்கினார்கள். அது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் உதவும், ஹாஸ்டலுக்குப் போதாது. சங்கம் நுழையவேண்டிய இடம் அதுதான்.

ஆகவே கமிட்டியாரிடம் நாம் வைக்கும் யோசனை இது. மனையியலுக்கு விண்ணப்பித்த பெண்களை, மற்றப் படிப்புக்கு விண்ணப்பித்தோரைப் போலவே மதிப்பெண்ணும் குடும்ப நிலையும் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும். ஹாஸ்டல் கட்டணத்தைச் சங்கம் நேரே கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். பெண் படிப்பை முடிக்குமுன் கலியாணத்துக்கென நிறுத்தினால் அதுவரை கொடுத்த தொகையைப் பெண்ணிடமல்ல, பெற்றோரிடம் திரும்பக் கேட்க வேண்டும். இந்த நிபந்தனைக்குச் சிலர் முகஞ்சுளிப்பதைக் காண்கின்றோம். கையெழுத்து வாங்கிக்கொண்டே பணம் கொடுக்க வேண்டும் என்பதில் நாம் பின்வாங்கமாட்டோம்.

அன்றியும், நம் மண்டபம் கலியாணமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கின்றது. அதில் 10 வாரம், கலியாண வயது வந்த ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் குடும்ப வாழ்க்கைப் பாடம் நடத்தலாம். வட்டிக் கணக்கு, பிள்ளைத்தாய்ச்சியின் உணவு, பிள்ளைக்குத் தடுப்பூசி நாட்கள், உறவுமுறை மணம் பற்றிய வைத்திய யோசனை, குடித்துவிட்டு வரும் அண்ணனை எப்படி வைத்தியத்துக்குக் கொண்டுசெல்வது என்பவை போதும். சமையலும் ஒரு வாரம் வைக்கலாம்; அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். சிரிக்கின்றீர்கள். சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் அறையெடுத்துத் தங்கும் நம் பையன்கள் மூன்று வேளையும் பரோட்டாவைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்புவதை நீங்கள் பார்த்தே இருக்கின்றீர்கள். பாடம் சொல்ல ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தாரைக் கேட்டால் வருவார்கள். கல்லூரிகளில் விரிவாக்கப் பாடம் படிக்கும் மாணவிகளுக்குக் கிராமத்திற் சென்று செய்முறைப் பயிற்சி செய்வது பாடத்தின் பகுதியாகவே இருக்கின்றது. கடிதம் எழுதிக் கூப்பிட வேண்டியதே நம் வேலை.

விண்ணப்பித்த பெண்மக்கள் மூவரும் தம் தாயார்களுடன் கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கின்றனர். கல்லூரிகளில் சேர்க்கைக்குரிய நாட்கள் நெருங்கிவிட்டபடியால் கமிட்டியார் இன்று மாலைக்குள் பதில் சொல்லுதல் அவசியம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்திருந்து இச்சபையிலேயே சொல்லலாம். அப்பெண்களிடம் கேட்க வேண்டியது இருந்தால் அவர்களையே கேளுங்கள். தகப்பனார்களைக் கேட்க வேண்டாம். நாம் உட்காருகின்றோம்.